போர்டுக்கு முன்னால் மல்டிமீட்டர் வாங்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில் மைக்ரோகன்ட்ரோலர் பற்றி, அதாவது நாம் எழுதுகிற நிரலின்படி விளக்கு, மோட்டார் போன்றவற்றை இயக்குகிற சின்னக் கணினிச் சிப் பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிப் பிள்ளைகள்கூட வீட்டில் உட்கார்ந்து எலக்ட்ரானிக்ஸ் பழகலாம் என்று எழுதியிருந்தது, படிக்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் கூடவே 'தொடங்கத் தேவையானவை' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாற்பது சென்சார் அடங்கிய பெரிய கிட், தொடுதிரை, சூட்டைக் கூட்டிக் குறைக்கிற விலை உயர்ந்த சால்டரிங் கருவி, அதற்கு மேல் அந்தச் சிப் பொருத்திய போர்டுகள் இரண்டு மூன்று வகை. கையில் காசு குறைவாக இருக்கிற வீட்டில் அதைப் படித்தவர்கள் 'இது நமக்குக் கட்டுப்படியாகாது' என்று பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். இத்தனைக்கும் ஆரம்பத்தில் மிகவும் தேவைப்படுகிற மல்டிமீட்டர், அதாவது வோல்ட்டையும் மின்தடையையும் அளந்து, இணைப்பு இருக்கிறதா என்றும் சொல்கிற கருவி, அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

நான் படித்தது வேறு, பிழைப்பு வேறு. பத்து வருஷத்துக்கும் மேலாக, வேலை முடிந்து வந்து ராத்திரியில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆரம்ப நாட்களில் நீளமான பிரெட்போர்டு (சால்டரிங் இல்லாமல் துளைகளில் செருகியே சுற்று அமைக்கிற பலகை) ஒன்றில் வரிசையாக எட்டு எல்இடி செருகி, ஒன்றன்பின் ஒன்றாக எரிகிற மாதிரி நிரல் எழுதினேன். முதல் நான்கு ஒழுங்காக எரிந்தன, அடுத்த நான்கு அசையவே இல்லை. நிரலில்தான் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்க அதையே திருப்பித் திருப்பி எழுதினேன், எல்இடிகளை மாற்றினேன், கடைசியில் மைக்ரோகன்ட்ரோலர் போர்டே போய்விட்டது என்று முடிவுகட்டி வேறு வாங்கக் கிளம்பிவிட்டேன். மறுநாள் நண்பர் ஒருவர் தன் மல்டிமீட்டரோடு வந்தார். அதைப் பீப் சத்தம் வருகிற நிலையில் வைத்து, பிரெட்போர்டின் ஓரமாக ஓடும் நீலக் கோட்டின் இந்த முனையில் ஒரு ஊசியையும் அந்த முனையில் இன்னொன்றையும் குத்தினார். சத்தமே வரவில்லை. உற்றுப் பார்த்தால் நடுவில் அந்தக் கோடு கொஞ்சம் விட்டுப் போயிருந்தது. சில நீள பிரெட்போர்டுகளில் உள்ளே இருக்கும் உலோகப் பட்டையும் அதே இடத்தில் இரண்டு துண்டாகத்தான் இருக்கும். ஒரு சின்ன வயரை எடுத்து இரண்டு பாதியையும் இணைத்தார், எட்டும் எரிந்தன. ஒரு போர்டின் காசு அன்று மிச்சமானது அந்த மீட்டரால்.

இதை நம்பித்தான் சொல்கிறேன்: இருக்கிற காசில் முதலில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள், மிச்சத்துக்கு மற்றதைப் பாருங்கள். வோல்ட், ஓம், பீப் இந்த மூன்றும் இருந்தால் போதும். ஆனால் மலிவு மீட்டரைச் சுவர் மின்சாரத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. அப்புறம், சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் செருகிய ஞாபகமில்லாமல் வோல்ட் அளக்கப் போனால் நேராக ஷார்ட்தான் ஆகும், ஒவ்வொரு தடவையும் எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

போர்டு விஷயத்துக்கு வருவோம். ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்தில் வடிவமைப்பு படிக்கிற மாணவர்களுக்காக உருவானது; எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் கையாள வேண்டும் என்பதுதான் நோக்கம். அதன் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்தே வைத்தார்கள். அதனால்தான் அதே வடிவத்தில் மலிவான போர்டுகள் இத்தனை கிடைக்கின்றன. அந்தப் பெயரையும் சின்னத்தையும் போட்டு ஏமாற்றாத வரை அவற்றைப் போலி என்று சொல்லக் கூடாது, தயங்காமல் வாங்கலாம். பலவற்றில் யுஎஸ்பிக்கு சிஎச்340 என்ற சிப் இருக்கும், சில கணினிகளில் அதற்கு ஒரு டிரைவர் நிறுவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எனக்குக் கேட்டால், முதல் போர்டு ஆர்டுயினோவின் பழைய ஊனோ ஆர்3 வகையாக இருக்கட்டும். 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், நிரலுக்கு 32 கிலோபைட், ராம் வெறும் 2 கிலோபைட். இன்றைக்கு இதைக் கேட்டால் சின்னதாகத் தெரியும், ஆனால் விளக்கு, பட்டன், மோட்டார், வெப்பநிலை என்று ஆரம்பத்தில் செய்யப்போகிற எதற்கும் இது தாராளம். இன்னொன்று, இது 5 வோல்ட் போர்டு, சின்னச் சின்னத் தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். சிப் நீளமாக இரண்டு பக்கமும் கால் வைத்துச் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிற வகையாக வாங்கினால், சிப் எரிந்துபோனாலும் அதை மட்டும் பிடுங்கி வேறு போடலாம். 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோவும் நல்ல போர்டுதான், 264 கிலோபைட் ராம், மைக்ரோபைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதலாம். வைஃபை வேண்டுமென்றால் இஎஸ்பி32 போர்டு இருக்கிறது. ஆனால் இவை இரண்டும் 3.3 வோல்ட்டில் ஓடுபவை. 5 வோல்ட் சென்சாரின் வயரை நேராகப் போர்டின் காலில் (வயர் மாட்டுகிற முனையில்) கொடுத்தால் கால் போய்விடலாம், ஏன் போனது என்று புதியவருக்குப் புரியவும் புரியாது. அதனால் அவை இரண்டாவதாக வரட்டும்.

மீதிச் சாமான் எல்லாம் ஒரு சின்ன டப்பாவில் அடங்கிவிடும். பிரெட்போர்டு ஒன்று, ஜம்பர் வயர் ஒரு கட்டு, எல்இடி பத்து, பட்டன் மூன்று, திருகி மாற்றுகிற பொட்டன்ஷியோமீட்டர் ஒன்று, வெளிச்சம் பார்க்கிற எல்டிஆர் ஒன்று, 220 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற மின்தடை) ஒவ்வொன்றிலும் பத்து. யுஎஸ்பி கேபிள் வீட்டில் கிடப்பதே போதும், ஆனால் அதில் கவனம் வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள்களுக்குள் தகவல் போகிற வயர்களே இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் அது கண்ணுக்கே தெரியாது. இதில் மட்டும் நான் மூன்று மாலைகளைத் தொலைத்தேன்.

நாற்பது சென்சார் கிட்டை வாங்கினால் என்ன ஆகிறது என்றால், பிள்ளைகள் ஒவ்வொன்றையும் ஒரு தடவை மாட்டி, எங்கிருந்தோ எடுத்த நிரலைப் போட்டு, திரையில் எண் ஓடுவதைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். ஒரே ஒரு எல்இடியோடு ஒரு மாலை உட்காரச் சொல்லுங்கள். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும், அதை 220 ஓமால் வகுத்தால் கிட்டத்தட்ட 14 மில்லி ஆம்பியர். ஊனோவின் ஒரு கால் 20 வரை நிம்மதியாகக் கொடுக்கும், 40 அதன் எல்லை. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிட்டு மீட்டரை வைத்து அளந்து பார்க்கும்போது, அளவு கிட்டத்தட்ட அதேபோல வருகிறதே, அந்த நிமிஷத்தில் வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் என்கிற ஓம் விதி மனசில் உட்கார்ந்துவிடும். அப்புறம் ரெசிஸ்டரை 1 கிலோ ஓமுக்கு மாற்றி, வெளிச்சம் எப்படி மங்குகிறது என்று பார்க்கட்டும். பட்டனும் அப்படித்தான். பட்டனை அழுத்தாதபோது போர்டின் காலை எதனோடும் இணைக்காமல் விட்டால், பக்கத்தில் கை போனாலே அது தானாக மாறிக்கொண்டிருக்கும், பேய் பிடித்த மாதிரி. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் அதை 5 வோல்ட்டோடு கட்டிவிட்டால் அடங்கிவிடும்.

போர்டு வாங்கவும் இப்போது காசில்லை என்றால் பரவாயில்லை. வோக்வி, டிங்கர்கேட் போன்ற தளங்களில் ஊனோவைத் திரையிலேயே மாட்டி, நிரலை ஓட்டிப் பார்க்கலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆடுகிற வயரும் அறுந்த இணைப்பும் அங்கே இருக்காது என்பதுதான் குறை.

பழைய பொம்மைகளிலும் கெட்டுப்போன பிரிண்டரிலும் மோட்டார், ஸ்பீக்கர், ஸ்விட்ச், பற்சக்கரம் என்று நிறையக் கிடைக்கும், கழற்றி எடுங்கள். ஆனால் சுவரில் செருகுகிற எந்தப் பொருளின் மின்வழங்கிப் பகுதியையும் பிள்ளைகள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பின் பக்கமே போகக் கூடாது. உப்பிப்போன லித்தியம் பேட்டரியையும் தொட வேண்டாம். அந்தப் பெட்டிச் செய்தியில் இந்த மூன்றையும் கட்டாயம் சேர்த்திருக்க வேண்டும் ஐயா, பிள்ளைகள் படிக்கிற பக்கம் அது.

சரி, என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பட்டியலைத் திருத்தி ஒரு தடவை வெளியிடுங்கள். முடிந்தால் நான் மேலே சொன்ன டப்பாவில் இருக்கும் சாமானை மட்டும் வைத்து, வாரம் ஒரு சுற்று என்று சின்னதாக ஒரு பகுதி தொடங்குங்கள். முதல் வாரத்துக்கு எல்டிஆர் போதும். அதன் ஒரு காலை 5 வோல்ட்டிலும், மறு காலை ஊனோவில் வோல்ட்டை அளந்து எண்ணாகச் சொல்கிற ஏ0 என்ற காலிலும் மாட்டி, அதே ஏ0-விலிருந்து ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்கு (ஜிஎன்டி என்று எழுதியிருக்கிற 0 வோல்ட் கால்) இறக்கினால் சுற்று முடிந்தது. வெளிச்சத்துக்கு ஏற்ப 0 முதல் 1023 வரைக்குள் ஒரு எண் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். கையை மேலே கொண்டுபோய் மறைத்தால் அது சரசரவென்று கீழே இறங்கும்.

அன்புடன்,
நீண்ட நாள் வாசகர் ஒருவர்