பழைய ஜன்னலுக்குப் புது ரசீது கேட்கும் மானியக் குழுவுக்கு

வீட்டுப் புதுப்பிப்பு மானியக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

என் விண்ணப்பம் எது என்று உங்களுக்குத் தெரியும். "புதிய ஜன்னல் வாங்கியதற்கான ரசீது இணைக்கப்படவில்லை" என்ற ஒற்றை வரியோடு மறுபடியும் திருப்பி அனுப்பினீர்களே, அதேதான். ரசீதை நான் தொலைத்துவிடவில்லை. புதிய ஜன்னலே வாங்கவில்லை, பழையதைச் சரிசெய்தேன். இதை முதல் விண்ணப்பத்திலேயே படங்களோடு எழுதியிருந்தேன். அப்போதும் இதே வரிதான் பதிலாக வந்தது. இப்போது தேதி மட்டும் மாறியிருக்கிறது.

அதனால் இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். சுற்றுச்சூழலுக்கு உகந்த வீட்டுப் புதுப்பிப்புக்கு என்று நீங்கள் தரும் மானியத்தில், பழுதுபார்ப்பதையும் பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவதையும் தகுதியான வேலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதைத்தான்.

என் வீட்டு ஜன்னல்கள் மரத்தால் ஆனவை. மழைத்தண்ணீர் தேங்கும் கீழ்ச்சட்டம் மட்டும் உளுத்துப்போயிருந்தது. மேலேயும் பக்கங்களிலும் மரம் இரும்பாக இருக்கிறது. தச்சர் உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய கதவின் பலகையை அளவாகச் சீவி அங்கே ஒட்டுப்போட்டார். கீல்களைக் கழற்றித் துரு நீக்கினார். கண்ணாடியைச் சுற்றி உதிர்ந்துபோயிருந்த மக்கைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தார். சட்டத்தின் ஓரமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டியதும் இடுக்கு வழியாகக் காற்று வருவது நின்றது. இப்படிப்பட்ட ஜன்னலில் வெப்பமும் குளிரும் இடுக்கு வழியாகவும் நிறையவே வந்துபோகின்றன என்பதை உங்கள் கையேடே ஒரு பக்கம் முழுக்க விளக்குகிறது. நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள்.

இதற்கு வாங்கிய பொருள் என்ன? கொஞ்சம் பசை, திருகாணி, ரப்பர் பட்டை, எண்ணெய். மீதிச் செலவு முழுக்கத் தச்சரின் கூலி. அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சீட்டை இணைத்திருந்தேன். ஆனால் உங்கள் படிவத்தில் கூலிக்கு இடமே கிடையாது. பொருளின் பெயர், தயாரிப்பாளர், மாடல் எண், தரச்சான்று எண் என்று கட்டங்கள் போகின்றன. தச்சருக்கு நான் என்ன மாடல் எண் போடுவது?

சிக்கலே இதுதான். புதிது வாங்கினால் பணம் பொருளுக்குப் போகிறது, பழையதைச் சரிசெய்தால் கைவேலைக்குப் போகிறது. நீங்கள் பொருளுக்கு மட்டும் பணம் தருகிறீர்கள். அந்த ஜன்னல்களையெல்லாம் பெயர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டு அலுமினிய ஜன்னல் மாட்டியிருந்தால் எனக்கு மானியம் கிடைத்திருக்கும். தாதுவிலிருந்து ஒரு டன் அலுமினியம் எடுக்க, மின்சாரம் பாய்ச்சி உலோகத்தைப் பிரிக்கும் மின்பகுப்புக்கு மட்டுமே 14,000 யூனிட் அளவுக்கு மின்சாரம் ஆகிறது. பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தால் புதிதாகத் தயாரிக்க ஆகும் எரிசக்தியில் ஏறக்குறைய 5 சதவீதமே போதும். ஆனால் நான் வாங்கும் சட்டம் எந்த வகை என்று உங்கள் படிவம் கேட்பதில்லை, புதியதாக இருந்தால் சரி. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் நல்ல பொருள்தான், அதைக் குறை சொல்லவில்லை. என் கையிருப்புக்கு அது எட்டாது, அவ்வளவே.

சுவர்க் கதையும் இதேதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவர், அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதுகூட இல்லை, சூட்டில் சுண்ணாம்புக்கல்லே பிரிந்து விடுவது. சுண்ணாம்பைச் சுடும்போதும் வாயு வெளியேறத்தான் செய்யும். ஆனால் சூளைக்குச் சிமெண்ட் அளவுக்குச் சூடு வேண்டாம், பூசிய பிறகு இறுகும்போது விட்ட வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு நேரம் வேண்டும். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. சாமான்களை நடு அறையில் குவித்து, துணி போர்த்தி, தூசிக்கு நடுவில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். உங்கள் விதியோ குறிப்பிட்ட நாளுக்குள் எல்லா வேலையும் முடிய வேண்டும் என்கிறது. அந்தக் கெடு சிமெண்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. சுண்ணாம்புக்கு உங்கள் சுற்றறிக்கை எதுவும் தெரியாது.

அப்புறம் அந்த "முதலில் செலவு, பிறகு மானியம்" ஏற்பாடு. கையில் பணம் இல்லாதவருக்கு உதவத்தான் மானியம் என்று நினைத்திருந்தேன். அதை வாங்க முதலில் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது.

சில நேரம் தோன்றுகிறது, பசுமை என்பது இப்போது ஒரு கடைப் பொருளாகிவிட்டதோ என்று. பெயிண்ட் டப்பாவில் ஓர் இலைப் படம், தரை ஓட்டுப் பெட்டியில் ஓர் இலைப் படம். நன்றாக இருக்கும் வீட்டை அடியோடு இடித்து, இடிபாட்டை லாரி லாரியாக வெளியேற்றி, அதே இடத்தில் புதிதாகக் கட்டி வாசலில் பசுமை வீடு என்று பலகை மாட்டுகிறார்கள். உங்கள் ஆண்டு மலரின் அட்டையில் அந்த வீடு வருகிறது. பழைய கதவை அறுத்து ஜன்னலுக்கு ஒட்டுப்போட்டவன் படம் எடுபடாது, தெரியும். மன்னியுங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மறுபடி கேட்கிறேன். பழுதுபார்ப்பதையும் மறுபயன்பாட்டையும் மானியத்தில் சேருங்கள். படிவத்தில் கூலிக்கு ஒரு கட்டம் போடுங்கள், வேண்டுமானால் அதற்கு உச்சவரம்பும் வையுங்கள். கூலிச் சீட்டில் பொய்க்கணக்கு எழுதுவார்கள் என்பது உங்கள் கவலையாக இருந்தால், அச்சடித்த ரசீதிலும் அதைச் செய்ய முடியும் என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். வேலைக்கு முன்னும் பின்னும் படம் கேளுங்கள். ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒட்டுப்போட்ட மரத்தை விரலால் தட்டிப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். சுண்ணாம்பு வேலைக்கு மட்டுமாவது கெடுவை நீட்டுங்கள். மானியத்தில் ஒரு பங்கை முன்பணமாகத் தர முடியுமா என்றும் தயவுசெய்து பரிசீலியுங்கள்.

என் வீட்டைப் பார்க்க வருவதானால் சீக்கிரம் வரச் சொல்லுங்கள். வடக்குச் சுவரில் கடைசிப் பூச்சு இன்னும் பாக்கி இருக்கிறது. அதைப் பூசிவிட்டால் உள்ளே இருப்பது சுண்ணாம்பா சிமெண்டா என்று பார்த்ததும் சொல்ல முடியாது. பிறகு அதற்கும் ரசீது கேட்பீர்கள்.

இப்படிக்கு,
இருமுறை நிராகரிக்கப்பட்ட ஒரு விண்ணப்பதாரர்