மேடையிலேயே சொல்லிவிடுங்கள்: அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் கில்டுக்கு ஒரு திறந்த மடல்

கில்டின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அமெரிக்க சினிமா, தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களின் சங்கமான நீங்கள் ஆண்டுதோறும் தயாரிப்பாளர்களுக்குத் தரும் விருதுகளைச் சென்னையிலிருந்து கவனித்து வருகிறேன். விழா முடிந்த மறுநாள் எங்களுக்கு வந்து சேருவது ஒன்றே ஒன்று: ஆஸ்கர் யாருக்கு என்ற ஜோசியம். 2009-இல், ஆஸ்கர் தரும் அகாடமியைப் போலவே, போட்டியில் பத்துப் படங்கள், அவற்றைப் பிடித்த வரிசையில் எண்ணிட்டுப் போடும் வாக்கு என்று மாறினீர்கள். 2021 முதல் 2025 வரை நீங்கள் தேர்ந்தெடுத்த படத்துக்கே சிறந்த பட ஆஸ்கரும் போனது. அதற்கு முந்தைய வருடம் நீங்கள் ‘1917’ என்றீர்கள், அவர்கள் ‘பாரசைட்’ என்றார்கள். சரி, ஜோசியம் எப்போதாவது பொய்க்கத்தானே செய்யும். ஆனால் இந்தப் பேச்சில் தயாரிப்பாளர் எங்கே?

2009 ஜனவரியில் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்கு விருது கொடுத்தீர்கள். ஏ. ஆர். ரகுமானின் இரண்டு ஆஸ்கர்களால் எங்கள் ஊரில் அந்தப் படத்தை யாரும் மறக்கவில்லை. தயாரிப்பாளர் யார் என்று கேட்டால் மட்டும் பலரும் டேனி பாயில் என்பார்கள். அவர் இயக்குநர். தயாரித்தவர் கிறிஸ்டியன் கோல்சன். மும்பைத் தெருக்களில் எடுத்த படம், நட்சத்திரம் என்று சொல்லிக்கொள்ள அமெரிக்காவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, வசனத்தில் ஒரு பகுதி இந்தி. 2008-இல் அதை அமெரிக்காவில் வெளியிடவிருந்த வார்னர் இண்டிபெண்டன்ட் நிறுவனம் இழுத்து மூடப்பட்டபோது, அந்த நாட்டில் தியேட்டருக்கே வராமல் நேராக டிவிடிக்குப் போயிருக்க வேண்டிய படம் அது. ஃபாக்ஸ் சர்ச்லைட் என்ற இன்னொரு வெளியீட்டு நிறுவனம் கைகொடுத்ததால் பிழைத்தது. அந்த மாதங்களில் தயாரிப்பாளர் யார் யாரிடம் பேசினார், எதை விட்டுக்கொடுத்தார், எதை விடவே மாட்டேன் என்றார்? உங்கள் மேடையில் நான் கேட்க விரும்பும் கதை இதுதான்.

அதைச் சொல்ல உங்களைவிடத் தோதான ஆள் கிடையாது. டைட்டிலில் யார் பெயர் வர வேண்டும் என்பது உங்கள் கையில் இல்லை. பணம் கொண்டுவந்தவர், கதை உரிமையை வைத்திருந்தவர், நடிகரின் மேனேஜர் என்று எல்லாரும் அதற்குள் நுழைந்துவிடுகிறார்கள். விருது என்று வரும்போதுதான் நீங்கள் துருவுகிறீர்கள். கதை உருவான காலம் தொட்டு எடிட்டிங், விளம்பரம் வரை என்னென்ன வேலை பார்த்தார் என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்குகிறீர்கள். கூட வேலை செய்தவர்களிடமும் விசாரிக்கிறீர்கள். அதையெல்லாம் தாண்டி வந்தவருக்குக் கிடைப்பது, பெயருக்குப் பின்னால் பி.ஜி.ஏ. என்று உங்கள் கில்டின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமாக மூன்று சின்ன எழுத்துகள். 2012-இல் நீங்கள் கொண்டுவந்த நல்ல ஏற்பாடு. ஆனால் தியேட்டரில் அதைப் பார்க்கிறவருக்கு அது ஏதோ படித்து வாங்கிய பட்டம் மாதிரிதான் தெரியும்.

விசாரித்ததை வெளியே சொல்லாததால் வரும் வம்பும் உங்களுக்குத் தெரியும். ‘கிராஷ்’ படத்தில் பாப் யாரியின் பெயர் தயாரிப்பாளராகத் திரையில் இருந்தது, ஆனால் நீங்களும் அகாடமியும் அவரைச் சேர்க்கவில்லை. 2006-இல் அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியபோது அவர் மேடையில் இல்லை, வழக்குப் போட்டிருந்தார். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தது. உங்கள் முடிவு தப்பு என்று நானும் சொல்லவில்லை. மற்றவர்கள் செய்த வேலை என்ன என்று ஊருக்குத் தெரிந்திருந்தால், பாதிச் சண்டை அங்கேயே அடங்கியிருக்கும்.

போட்டி விருதுக்கு இவ்வளவு துருவும் நீங்கள், கௌரவ விருதுக்கு வந்தால் புகழுரையோடு நிறுத்திவிடுகிறீர்கள். 2013-இல் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனுக்கும் அவர் தம்பிக்கும் மைல்ஸ்டோன் விருது. 2017-இல் பாலியல் புகார்கள் வெளிவந்ததும் அதே ஹார்விக்கு வாழ்நாள் தடை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

தொலைக்காட்சி இன்னும் குழப்பம். சினிமாவில் எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர் என்றால் பெரும்பாலும் தள்ளி நிற்பவர். தொடரிலோ, எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து முழு சீசனையும் தோளில் சுமப்பவருக்கும் அதே பெயர்தான், பெயருக்கு ஒட்டிக்கொண்டவருக்கும் அதே பெயர்தான். நீங்களாவது பிரித்துச் சொல்லலாம்.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமில்லை. பரிந்துரைப் பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு பெயருக்கும் கீழே நாலு வரி: இவர் இந்தப் படத்துக்கு என்ன செய்தார். விருது அறிவிக்கும்போது அதையே மேடையில் வாசியுங்கள். விசாரணையில் மற்றவர்கள் சொன்னது ரகசியமாகவே இருக்கட்டும், அதில் நியாயம் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் தாங்களே எழுதித் தருவதை, அவர்கள் சம்மதத்தோடு வெளியிடலாமே. சம்மதிக்க யோசிப்பவர் யார் என்று பார்ப்பதும் சுவாரசியமாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
டைட்டில் கார்டு முடியும்வரை எழுந்திருக்காத ஒரு சென்னை ரசிகன்