மால்டோவாவையும் கொஞ்சம் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

உக்ரைன் போர் என்றாலே ரஷ்யா, அமெரிக்கா என்றுதான் பக்கம் பக்கமாக வருகிறது. பக்கத்து வீடான மால்டோவா யார் கண்ணிலும் படவில்லை. சென்னை மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத நாடு. 1994 அரசியல் சட்டத்திலேயே நடுநிலை என்று எழுதிவைத்தும் அந்த நாட்டிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் டிரான்ஸ்னிஸ்திரியா பகுதியில் ரஷ்யப் படை இன்னும் உட்கார்ந்திருக்கிறது, சரி, அவர்கள் வேறு என்னதான் செய்ய முடியும்? 2022 பிப்ரவரியில் போர் வெடித்ததும் லட்சக்கணக்கில் ஓடிவந்தவர்களுக்கு எல்லையைத் திறந்துவிட்டு, பல குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே இடம் கொடுத்து, அடுத்த வாரமே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர மனுவும் போட்டார்கள். ராணுவம் எவ்வளவு பெரிசு என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புரியாது. 1960களில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்களோடு வளர்ந்த எங்கள் பேட்டைக்கு நன்றாகவே புரியும்.

ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை - 39