பிள்ளைக்கு முத்திரை குத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் டியூஷன் நிலையம் ஒன்றில், நாலாம் ஆண்டு படிக்கும் என் மகனுக்கு ஏதோ சோதனை வைத்து, 'இவன் பார்த்துக் கற்பவன், வாசிப்பு ஒத்துவராது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அன்றிலிருந்து அவன் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான். பார்த்துக் கற்பவன், கேட்டுக் கற்பவன் என்று இப்படிப் பிரிப்பதைத்தான் 'கற்றல் பாணி' என்கிறார்கள். அறிவுத்திறன் பலவகை என்று 1983-இல் சொன்ன அமெரிக்க உளவியலாளர் ஹாவர்ட் கார்ட்னரே, அது வேறு, கற்றல் பாணி வேறு என்று பிற்பாடு விளக்கிவிட்டார். பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள்.

என் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்தே குலை பழுத்துவிட்டது என்பார், ராத்திரியில் தமிழ்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பார். அவரை எந்த வகையில் சேர்ப்பது? பெற்றோர்களே, தயவுசெய்து இந்தச் சோதனைக்குக் காசு கட்டாதீர்கள்.

ஒரு தாய்,
சுங்கை சிப்புட்