இயன்முறை சிகிச்சைக்கு முதன்முறை வருவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தோ, மாவுக்கட்டைப் பிரித்தோ, பக்கவாதத்திலிருந்து பிழைத்தோ வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் எல்லாம் வேளைவாரியாக எழுதப்பட்டிருக்கும். கடைசி வரியில் 'பிசியோதெரபி' என்று மட்டும் இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் சில மாத உழைப்பு காத்திருக்கிறது என்பதையும், அதில் பெரும்பங்கு தம்முடையது என்பதையும் அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லி அனுப்புவதில்லை. டெல்டா மாவட்ட மருத்துவமனை ஒன்றில் இயன்முறை சிகிச்சையாளராகப் பணியாற்றுகிறவன் என்ற முறையில், முதன்முறை வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

வருகிறவர்களில் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை நாளைக்குக் கரண்ட் வைக்கணும்?" என்பதுதான். ஐ.எப்.டி., டென்ஸ் போன்ற மின்கருவிகளும், மெழுகு ஒத்தடமும், சூட்டுப் பையும் வலியையும் தசைப் பிடிப்பையும் சிறிது நேரம் தணிக்கும். அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. வலுவிழந்த தொடைத் தசைக்கு வலுவூட்டவோ, இறுகிய தோள்பட்டையைத் தலைக்குமேல் உயர்த்தவோ அவற்றால் ஆகாது. முகவாதம் போன்ற சில நிலைகளில் தசையைத் தூண்டுவதற்கென மின்சாரம் கொடுப்பது தனி. மற்றபடி வலி தணிந்திருக்கும் அந்த வேளையில் செய்யும் பயிற்சியே சிகிச்சை. ஆகவே, தினமும் வந்து கருவியின் கீழ் இருபது நிமிடம் படுத்து எழுந்து போவதே ஒரு வாரத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருந்தால், "நான் வீட்டில் என்னென்ன பயிற்சி செய்ய வேண்டும், எத்தனை தடவை செய்ய வேண்டும்?" என்று தயங்காமல் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் பணத்தையும் நாளையும் செலவிட வேண்டியதில்லை.

முதல் நாளில் கருவிக்கே வேலை இல்லாமல் போகலாம். வலி எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, இரவில் எழுப்புகிறதா, வீட்டில் எத்தனை படிகள், கழிப்பறை எப்படிப்பட்டது, வயலுக்குப் போகிறவரா, தையல் மிஷினில் உட்காருகிறவரா என்றெல்லாம் கேட்ட பிறகு, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று கோணமானியை வைத்து அளந்து குறித்துக்கொள்வார்கள். அந்த எண்ணை நீங்களும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து முன்னேற்றம் உண்டா இல்லையா என்பதை வலியைக்கொண்டு மட்டும் முடிவு செய்வது கடினம். அளவு பொய் சொல்லாது. அறுவை சிகிச்சைச் சுருக்கம், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றை உடன் கொண்டுவர வேண்டும். பெண்கள் தளர்வான சுடிதாரில் வருவது வசதி. தோளையோ இடுப்பையோ பரிசோதிக்கும்போது பெண் சிகிச்சையாளர் வேண்டும் என்றோ, உறவினர் உடனிருக்க வேண்டும் என்றோ கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

சொல்லாமல் விடக்கூடாதவை சில உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கு, மின்காந்த அலையால் தசைக்குள் சூடேற்றும் ஷார்ட்வேவ் சிகிச்சை கூடவே கூடாது. எலும்பில் தகடோ ஆணியோ இருந்தால் அந்த இடத்தில் கூடாது. கருவுற்ற பெண்ணுக்கும் கூடாது. நாள் தள்ளிப்போயிருந்தால்கூட அதைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்குச் சூட்டுப் பை சுடுவது தெரியாது; தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் அவர் அதைக் கண்ணால் பார்த்து அறிகிறார். வீட்டில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முழங்கால் மூட்டு மாற்று செய்துகொண்டவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. வலிக்கிறதே என்று பரிவோடு வீட்டார் செய்யும் முதல் காரியம், முழங்காலுக்கு அடியில் தலையணையை மடித்து வைப்பது. மடங்கிய நிலையில் வலி குறைவதென்னவோ உண்மைதான். ஆனால் நாளெல்லாம் அப்படியே கிடக்கும் கால் சில வாரங்களில் முழுமையாக நீளாமல் நின்றுவிடுகிறது. நீளாத காலோடு நடப்பவர் காலமெல்லாம் நொண்டியே நடப்பார், இடுப்பும் முதுகும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டிவரும். உயர்த்தி வைக்க வேண்டுமென்றால், முழங்காலுக்கு அடியில் எதுவும் இல்லாமல் குதிகாலுக்கு அடியில் மட்டும் துண்டைச் சுருட்டி வையுங்கள். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையை நோக்கி அழுத்தி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடும் பயிற்சி பார்ப்பதற்கு மிக எளியதாக இருக்கும். "இவ்வளவுதானா?" என்று பலரும் இதைப் புறக்கணிக்கிறார்கள். தொடையின் முன்தசை விழித்துக்கொண்டால்தான் நிற்கும்போது கால் மடங்கி விழாமல் தாங்கும். படியேறி இறங்க ஏறத்தாழ 90 பாகை மடக்கம் வேண்டும். அதை முதல் சில வாரங்களில் விடாமல் உழைத்துப் பெறுவது, தழும்பு இறுகிய பின் மீட்க முயல்வதைவிடப் பல மடங்கு எளிது. படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது வலியுள்ள காலும் முதலில் போக வேண்டும். கைத்தடியை வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். தரையில் சம்மணமிடுவதையும் குந்தி உட்காருவதையும் அறுவை செய்த மருத்துவரைக் கேட்காமல் முயலவே கூடாது.

வலிதான் எல்லாருக்கும் உள்ள அச்சம். லேசாக வலித்த மாத்திரத்தில் பயிற்சியை விட்டுவிடுகிறவர்களும், பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் வரும்வரை மடக்கினால்தான் குணமாகும் என்று நம்புகிறவர்களும் உண்டு; இரண்டும் கெடுதல். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லிப் பழகுங்கள். பயிற்சியின்போது மூன்று, நான்கு என்ற அளவில் இழுவையும் வலியும் இருந்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தாலோ, மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, செய்த அளவு அதிகம் என்று பொருள்; பயிற்சியை நிறுத்தாமல் அளவைக் குறைத்துக்கொண்டு சிகிச்சையாளரிடம் தெரிவிக்க வேண்டும். கால அளவைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தசை வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரங்களாவது ஆகும். சர்க்கரை நோயாளிகளுக்கு மிகுதியாக வரும் தோள்பட்டை இறுக்கம், முறையாகப் பயிற்சி செய்தாலும் முழுமையாக விலகப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் பிடிக்கும். "பத்து சிட்டிங்கில் சரியாகிவிடும்" என்று பரிசோதிக்கும் முன்பே உறுதி கூறி முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடிபட்ட முழங்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புத்தூர்க் கட்டில் நம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை உண்டு. அதைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் கட்டுப் பிரித்த பிறகு முழங்கை நீளவில்லை என்று குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து உருவுவதும், அது அலற அலற மடக்கி நீட்டுவதும் பெருந்தீங்காக முடியக்கூடும். அடிபட்ட முழங்கையைச் சுற்றியுள்ள தசையை இப்படித் துன்புறுத்தினால் அத்தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம். எக்ஸ்ரேயில் அது மூட்டுக்கு முன்னால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதன்பின் கை மடங்கவும் மாட்டாது, நீளவும் மாட்டாது. முழங்கையைப் பொறுத்தவரை குழந்தை தானாக எவ்வளவு மடக்குகிறதோ அதுவே சிகிச்சை. தண்ணீர் மொண்டு ஊற்றவும், தட்டில் பிசைந்து உண்ணவும், சுவரில் பந்தெறிந்து பிடிக்கவும் விட்டால் போதும்; மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

பக்கவாதம் வந்தவரின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். மீட்சி வேகமாக நிகழ்வது முதல் சில மாதங்களில்தான். அந்த மாதங்களை "உடம்பு கொஞ்சம் தேறட்டும்" என்று ஓய்வில் கழித்துவிடக் கூடாது. அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசையின் பிடிப்பு தளர்ந்துபோன தோள்மூட்டு அந்த இழுப்பில் நழுவுகிறது. பிறகு மாதக்கணக்கில் அந்தத் தோள்வலியே நடைப்பயிற்சிக்குத் தடையாகிறது. அக்குளுக்குக் கீழே முதுகோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கியவர் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வதும் பல வீடுகளில் நடக்கிறது. அவருக்குத் தேவை விரல்களை விரிக்கும் பயிற்சியே. பந்து கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சில அறிகுறிகளுக்கு எங்களிடம் வரக்கூடாது. நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போவது, அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவை காத்திருக்கக் கூடியவை அல்ல. காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்த முதுகுவலியையும் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும்.

செலவுக்கும் பஸ் பயணத்துக்கும் அஞ்சிப் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களில் பெண்களே மிகுதி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைப் போலவே இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகிறது. மாத்திரைக்குப் பெயர் கொடுத்தவர்கள்கூட இதை அறியாதிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். தனியாரிடம் செல்கிறவர்கள், பார்ப்பவர் இயன்முறை சிகிச்சைக்கான பட்டப்படிப்பான பி.பி.டி. படித்தவர்தானா என்று கேட்டுக்கொள்வது மரியாதைக் குறைவாகாது. நெடுங்காலமாக நான்கரை ஆண்டுப் படிப்பாக இருந்துவந்த இத்துறையையும் இதுபோன்ற பிற மருத்துவத் துணைத் துறைகளையும் முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தினமும் வர இயலாதவர் அதை முதல் நாளே சொல்லிவிடலாம். வாரம் ஒருமுறை வந்து பயிற்சியைச் சரிபார்த்துக்கொண்டு, மற்ற நாட்களில் வீட்டிலேயே செய்யும்படி அமைத்துத் தர எங்களால் முடியும். பயிற்சி செய்வதைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால் வீட்டில் மறக்காது.

இவற்றையெல்லாம் நோயாளி ஒவ்வொருவரும் தாமாகவே தேடி அறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. எலும்பு மருத்துவப் பிரிவும் நரம்பியல் பிரிவும் உள்ள எல்லா மருத்துவமனைகளிலும், எளிய தமிழில், பெரிய எழுத்தில், படங்களோடு அச்சிட்ட ஒரு தாளை வழங்க மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். மூட்டு மாற்றுக்கு நாள் குறிக்கப்பட்டவர்களுக்கு அத்தாளை டிஸ்சார்ஜ் அன்று கொடுப்பதைவிட, நாள் குறிக்கும்போதே கொடுப்பது நல்லது. வலி புதிதாகச் சேரும் முன்பே தொடைப் பயிற்சியைப் பழகிக்கொள்ளவும், நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மட்டத்துக்கு வாக்கரின் கைப்பிடி வரும்படி உயரத்தைச் சரிசெய்து நடந்து பார்த்துக்கொள்ளவும் அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.