குறிகட்டுவானுக்கு வருவோர் திரும்பும் படகை முதலில் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை விட்டால் பண்ணைப் பாலம் தாண்டித் தீவகத்துக்கு வரும் வாகனங்கள் வரிசை கட்டும். கொழும்பு, கண்டிப் பக்கத்திலிருந்து வருவோரும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு ஊர் பார்க்க வருவோரும் பெரும்பாலும் ஒரே திட்டத்தோடுதான் வருகிறார்கள்: காலையில் நயினாதீவு, மத்தியானம் நெடுந்தீவு, பொழுதுபட யாழ்ப்பாணம். இது சரிவராத திட்டம். வருகிறவர்கள் அலைக்கழியாமல் இருக்கவும், தீவில் இருப்பவர்கள் இடைஞ்சல்படாமல் இருக்கவும் சில விடயங்களை உங்கள் பத்திரிகை மூலம் சொல்ல விரும்புகிறோம்.

புங்குடுதீவின் படகுத்துறையான குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகுகள் நாள் முழுக்க ஓடுகின்றன. கால் மணி, இருபது நிமிடத்தில் அக்கரை சேரலாம். நெடுந்தீவு அப்படியல்ல. ஒரு மணி நேரக் கடற்பயணம், ஒரு நாளில் சில ஓட்டங்கள் மட்டுமே. நயினாதீவில் பூசை பார்த்து, சாப்பிட்டுவிட்டு நெடுந்தீவுப் படகில் ஏறுகிறவர் அங்குள்ள மாவிலித்துறையில் இறங்கும்போது திரும்பும் கடைசிப் படகு புறப்படத் தயாராக நிற்கும். இறங்கின கையோடு ஏறவேண்டும், அல்லது இரவு தங்கவேண்டும். தங்குமிடமோ மிகச் சில. முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் கிடைக்குமென்று நம்பி இருக்க முடியாது. ஆகவே நெடுந்தீவுக்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள், காலை முதல் படகில் போங்கள். நயினாதீவை இன்னொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து குறிகட்டுவான் முப்பது கிலோமீற்றருக்கு மேல். காரில் ஒரு மணி நேரம் பிடிக்கும், 776 இலக்க பஸ்ஸில் இன்னும் கூடும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள கடல்வழிச் சாலையில் பக்கக் காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளும் என்பதால் அங்கே வேகம் வேண்டாம். படகு நேரத்துக்கு அரை மணி முன்னதாகத் துறையில் நின்றால்தான் இடம் கிடைக்கும். ஏறும்போதே ஓட்டியிடம் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். நெடுந்தீவில் இறங்கியதும் இன்னொரு முறை கேளுங்கள். காலையில் சொன்ன நேரம், காற்று எழும்பினால் முன்னுக்கு வரலாம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் அடிக்கும். அது தென்மேற்குக் காற்று, நெடுந்தீவும் குறிகட்டுவானுக்குத் தென்மேற்கே கிடக்கிறது. ஆகவே போகும்போது படகு அலையை நேரே முட்டிக்கொண்டு போகும். படகின் முன்பக்கமான அணியம் தூக்கித் தூக்கி விழும், முன்னுக்கு இருப்பவர்கள் நனைவார்கள். திரும்பும்போது அதே அலை பின்னிருந்து தள்ளுவதால் ஆட்டம் வேறு விதமாக, உருட்டுவதுபோல இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குக் காற்றான வாடையும் மழையும். அந்த நாள்களில் ஓட்டத்தையே நிறுத்திவிடுவது உண்டு. மாசி, பங்குனியில் கடல் பெரும்பாலும் படுத்திருக்கும். முதன்முதலாகக் கடலில் போகிறவர்கள், முதியோர், கைக்குழந்தை வைத்திருப்போர் அந்த மாதங்களைத் தெரிவுசெய்வது நல்லது.

சத்தி (வாந்தி) வரும் என்று பயப்படுகிறவர்கள் கீழ்த்தட்டில் போய் அடைந்து இருக்காதீர்கள். இயந்திரப் புகையும் எண்ணெய் மணமும் அங்கேதான் தேங்கும். கடலும் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டம் குறைந்த இடம் படகின் நடுப்பகுதி. அங்கே காற்றுப்படும் இடமாகப் பார்த்து இருந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள், கைத்தொலைபேசியைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் கூடாது, மூக்குமுட்டச் சாப்பிட்ட வயிறும் கூடாது. அதற்கான குளிசை (மாத்திரை) போடுவதென்றால் புறப்பட அரை மணிக்கு முன் போடவேண்டும், தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

படகில் ஏறி இறங்கும் நேரம்தான் அதிகக் கவனம் வேண்டிய நேரம். படகு அலையோடு ஏறும், தாழும். துறைக்கும் படகுக்கும் இடையில் ஒரு வெளி திறக்கும், மூடும். அந்த இடத்தில் விளிம்பைப் பிடித்த விரல் நசுங்கும். படகு மேலே ஏறி நிற்கும் நொடியில், ஓட்டி கைகொடுக்கும்போது, ஒரே எட்டில் மாறவேண்டும். பையை முதலில் கொடுத்துவிட்டு இரண்டு கையும் வெறுமையாக இருக்க மாறுங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி தாண்டாதீர்கள். பிள்ளையை முதலில் கைமாற்றுங்கள். துறை நெருங்கினதும் எல்லாரும் எழும்பி ஒரு பக்கம் குவிவது இன்னொரு ஆபத்து, படகு அந்தப் பக்கம் சாயும். கூரையில் ஏறிப் படம் பிடிப்பதும் அப்படித்தான்: பாரம் மேலே போகப் போகப் படகு நிமிரும் பலத்தை இழக்கும். உயிர்காப்பு அங்கியைத் தலையணையாக வைக்காமல் போட்டு வாரை இழுத்துக் கட்டுங்கள். பிள்ளைகளின் அளவில் அங்கி எல்லாப் படகிலும் இராது. வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.

நெடுந்தீவு சின்னத் தீவு என்று நினைத்து நடக்க வெளிக்கிட வேண்டாம். சுமார் 50 சதுர கிலோமீற்றர், நிழல் குறைவு. பெருக்கமரம் (பாவோபாப்), கோட்டையின் சிதைவுகள், புறாக்கூடு ஆகியவற்றைத் துறையை அண்டிய பகுதியில் சைக்கிளிலேயே பார்க்கலாம். மட்டக்குதிரைகள் மேயும் தெற்கு வெளிக்கு ஆட்டோவோ ட்ராக்டரோ வேண்டும். எல்லாம் பார்க்க மூன்று மணி நேரம் போதும். எந்தெந்த இடம், மொத்தம் எவ்வளவு என்று ஏறமுன் பேசி முடியுங்கள். வாடகை கூட என்று சிலர் குறைப்படுகிறார்கள். அந்த வாகனத்துக்கான பெற்றோலும் படகில்தான் வந்து இறங்குகிறது. சில்லறைத் தாளாகக் காசு கையில் இருக்கட்டும்.

குதிரைகளை வாகனத்தால் துரத்தாதீர்கள். ஆடி, ஆவணி வறட்சியில் அவை தண்ணீருக்கே அல்லாடுகின்றன, ஓடவைத்தால் இருக்கும் பலமும் போகும். தீவின் வேலிகள் பவளப்பாறைக் கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியவை. ஒரு கல்லை எடுத்தால் பக்கத்துக் கற்கள் தளர்ந்து, ஆடு ஏறியே வேலி சரியும். நினைவுப்பொருளாகக் கல் எடுக்கும் பழக்கத்தைக் கைவிடும்படி மன்றாடிக் கேட்கிறோம்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுவாருங்கள். தீவுக் கிணறுகளில் நன்னீர், கீழே உள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலே ஏறும். மழை பெய்து அது திரும்ப இனிக்க மாதக்கணக்காகும். கடலில் குளித்த உப்பைக் கழுவ வீட்டுக்காரரின் கிணற்றில் வாளி வாளியாக அள்ளுவது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளங்கும்தானே. வெறும் போத்தல்களையும் சொப்பின் பைகளையும் திரும்ப எடுத்துப் போங்கள்.

நயினாதீவுக்கு வருவோருக்குச் சொல்ல அதிகமில்லை. நாகபூசணி அம்மன் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும். மத்தியானத்தில் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. அங்கிருந்து பௌத்தர்களின் நாகவிகாரைக்கு நடந்தே போகலாம். ஆனித் திருவிழாவிலும் போயா (பௌர்ணமி) நாள்களிலும் துறையில் நெரிசல் மிகக் கடுமை, சும்மா ஊர் பார்க்க வருவோர் வேறு நாள் பாருங்கள். கச்சதீவு சுற்றுலா இடமல்ல. அந்தோனியார் திருவிழாக் காலத்தில் முறைப்படி பதிந்து போவது மட்டுமே வழி.

கடைசியாக, எங்களுக்கு மிக முக்கியமான ஒன்று. நெடுந்தீவுப் படகு உல்லாசப் படகு அல்ல. கிளினிக்குக்குப் போகும் நோயாளி, ஆசிரியர், அலுவலர், மரக்கறி மூட்டை எல்லாம் அதில்தான். விடுமுறை நாளில் முப்பது பேர் கொண்ட குழு முதலில் ஏறிவிட்டால் தீவின் கர்ப்பிணி ஒருவர் துறையில் நிற்கவேண்டி வருகிறது. பெரிய குழுக்கள் தனிப்படகு பேசி வாருங்கள். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் தீவு மக்களுக்கென ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆசனங்களை ஒதுக்கவேண்டும். குறிகட்டுவானிலும் மாவிலித்துறையிலும் அன்றைய படகு நேரங்கள், கடைசிப் படகு, ஏற்றக்கூடிய ஆள்தொகை, கடல் நிலை இந்த நான்கையும் மூன்று மொழியிலும் ஒரு பலகையில் தினமும் காலை எழுதி வைக்கவேண்டும். ஒரு கரும்பலகையும் வெண்கட்டியும் போதும்.

இவ்வண்ணம்,
தீவக வாசகர்கள்