எந்த வருடத்திலிருந்து எண்ணுகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார் வளைகுடா பவளப்பாறைகள் பற்றி உங்கள் நாளிதழில் கோடையில் வந்த செய்தி ‘அழிவின் விளிம்பில்’ என்றது. சில மாதம் கழித்து வந்த இன்னொன்று ‘மீண்டு வருகின்றன’ என்றது. எங்கள் தெருவில் இரண்டையும் படித்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தூத்துக்குடி தெரஸ்புரத்தில் சங்கு குளிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். குளிக்கப் போகாமல் படகு ஓட்டப் போனேன். பாறை அளக்க வருகிற ஆய்வாளர்களையும் மாணவர்களையும் தீவுகளுக்குக் கூட்டிப் போவதே பல வருடம் என் பிழைப்பாக இருந்தது. அதனால், “எது உண்மை, எது பொய்?” என்று என்னிடம் கேட்கிறார்கள்.

இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். எப்படி என்பதை உங்கள் செய்திகள் சொல்லவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், பாறைப் பரப்பில் எத்தனை சதவீதத்தை உயிருள்ள பவளம் மூடியிருக்கிறது என்று நெடுநாளாக அளந்து வருகிறது. 2005-ல் அது 37 சதவீதம். 2009-ல் ஏறக்குறைய 43. 2010 கோடையில் தண்ணீர் கொதித்து 33-க்கு இறங்கியது. மறுபடி ஏறி 39-ஐத் தொட்டது. 2016 கோடை ஒன்றே அதை 23-க்கும் கீழே தள்ளிவிட்டது. 2021-ல் 27. இப்போது பாருங்கள். 2016-லிருந்து எண்ணினால் பவளம் கூடியிருக்கிறது. 2005-லிருந்து எண்ணினால் இருந்ததில் நாலில் ஒரு பங்குக்கு மேல் காணோம். ஒரே நிறுவனம், ஒரே அளவு, ஆனால் தலைப்பு மட்டும் நேர் எதிராக வந்துவிடும். எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறோம் என்ற ஒரு வரி செய்தியில் இருந்திருந்தால் தெருவில் யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

அந்த 2005-ஐயும் நல்ல காலம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன்னால் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் வள்ளம் வள்ளமாகப் பவளக்கல்லை வெட்டிக்கொண்டு வந்த ஊர் இது. எங்கள் பழைய வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் அந்தக் கல் இன்றும் தெரியும். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளத்தைச் சேர்த்த பிறகுதான் வெட்டுவது படிப்படியாக நின்றது. ஆக, அளக்க ஆரம்பிக்கும்போதே பாறை அடிபட்டுத்தான் கிடந்தது.

அடுத்தது நிறம். அதிகம் குழப்புவது இதுதான். கோடையில் யாராவது ஒரு வெள்ளைப் பவளத்தைப் படம் பிடித்து, ‘செத்துப்போச்சு’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். வெள்ளையாக இருக்கிற பவளம் பெரும்பாலும் இன்னும் சாகவில்லை. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கி உணவு செய்து பவளத்துக்குக் கொடுப்பது அதுதான். பவளத்தின் நிறத்திலும் பெரும்பங்கு அதனுடையது. ஏப்ரல், மே, ஜூனில் சூடு ஏறி அப்படியே வாரக்கணக்கில் நின்றால் பாசி வெளியேறிவிடும். சதைக்குள்ளே இருக்கும் சுண்ணாம்புக்கூடு வெள்ளையாகத் தெரியும். அது பட்டினி கிடக்கிற நேரம். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்ப வந்து பவளம் பிழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் சாகும்.

செத்த பவளமும் வெள்ளையாகவே கிடக்காது. கொஞ்ச நாளில் வேறு பாசி அதன்மேல் படர்ந்து பழுப்பும் பச்சையுமாக ஆகிவிடும். பிழைத்த பவளமும் பழுப்பாகத்தான் இருக்கும்! படகிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கும் டிரோனில் படம் எடுப்பவருக்கும் இரண்டும் ஒன்றுதான். ‘வெளுப்பு போய்விட்டது, பாறை பழைய நிறத்துக்கு வந்துவிட்டது’ என்று ஒருவர் சந்தோஷமாகப் போடுகிற படத்தில் பாதி செத்ததாக இருக்கலாம். உள்ளே இறங்கி முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு பாக (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்துக்குள்தான். இறங்குவது பெரிய காரியமில்லை, தண்ணீர் தெளிய வேண்டும். கலக்கல் அடிக்கிற நாளில் நீட்டிய கை தெரியாது, வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆய்வாளர்கள் வேலை பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். பாறைமேல் 20 மீட்டர் டேப்பை விரிப்பார்கள். டேப்புக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் உயிர்ப்பவளம், எத்தனை செத்தது, எவ்வளவு மணல், எவ்வளவு பாசி என்று பிளாஸ்டிக் சிலேட்டில் பென்சிலால் எழுதுவார்கள். அடுத்த முறையும் ஜிபிஎஸ் பார்த்து அதே இடத்துக்கே வருவார்கள். செத்த கல்லில் நகத்தளவு குட்டிப் பவளம் ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார்கள், அது இருந்தால் அவர்கள் முகமே மாறிவிடும். சுற்றுலாப் படகுக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். எங்கே பவளம் நன்றாக இருக்கிறதோ அங்கேதான் ஆளை இறக்குவார். அவர் தொழிலுக்கு அதுதான் சரி. ஆனால் அங்கே எடுத்த வீடியோவை வைத்து தூத்துக்குடிப் பக்கத்து வான் தீவிலிருந்து ராமேஸ்வரம் பக்கத்துக் குருசடைத் தீவு வரை எல்லாம் நலம் என்று சொல்ல முடியாது.

மீனவர் பேச்சையும் இதே மாதிரிதான் எடைபோட வேண்டும். “பார் (பாறை) செத்துப்போச்சு, கலவா மீன் இல்லை, ஓரா மீன் இல்லை” என்று எங்கள் ஆட்கள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும், தினமும் அங்கே இருப்பவர்கள் அவர்கள்தான். என்றாலும் மீன் குறைந்ததற்கு இழுவை மடியும் மற்ற வலைகளும்கூடக் காரணமாக இருக்கலாம். கடல்பாசி விஷயத்திலும் அப்படித்தான். கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் படர்ந்ததை 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தப் பாசியை வளர்த்து வீட்டுக்கு அரிசி வாங்குகிற பெண்களிடம் கேட்டால் வேறு கதை வரும். எந்தப் பக்கமும் வேண்டுமென்று பொய் சொல்கிறது என்று நான் நினைக்கவில்லை. சொல்பவர் எதற்காகக் கடலுக்குப் போகிறவர் என்று வாசகருக்குத் தெரிந்தால் போதும்.

செயற்கைக்கோள் செய்திகளும் வருகின்றன. அமெரிக்காவின் நோவா நிறுவனம் பார்ப்பது கடல் மேற்பரப்பின் சூட்டை. வழக்கமான உச்சத்தைவிட எத்தனை டிகிரி, எத்தனை வாரம் என்று கூட்டிச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டுக்கணக்கு 4-ஐத் தொட்டால் வெளுப்புக்கு வாய்ப்பு, 8-ஐத் தாண்டினால் சாவுக்கு வாய்ப்பு. 2024 ஏப்ரலில் உலக அளவில் நாலாவது பெரும் வெளுப்பு நடக்கிறது என்று அறிவித்தது அவர்கள்தான். ஆனால் வரைபடத்தில் நம் கடல் சிவப்பாக இருந்த மறுநாளே ‘மன்னார் வளைகுடாவில் பவளம் மடிந்தது’ என்று எழுதினால் எப்படி? இறங்கிப் பார்த்தவர் யார்?

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு பற்றி ஒரு ஃபார்வர்ட் இன்னும் சுற்றுகிறது. 2022-ல் அங்கே வடக்கிலும் நடுவிலும் பவளப் பரப்பு 36 வருடத்தில் இல்லாத உயரத்துக்குப் போனதாம், ஆகவே வெப்பம், வெளுப்பு எல்லாம் கட்டுக்கதையாம். அளவு சரிதான், அந்நாட்டுக் கடல் அறிவியல் நிறுவனமே சொன்னது. அந்த உயர்வில் பெரும்பகுதி அக்ரோபோரா என்ற வேகமாக வளரும் பவள வகையால் வந்தது, சூட்டில் முதலில் சாவதும் அதுதான் என்பதையும் அதே நிறுவனம் சொன்னது. ஃபார்வர்ட் செய்தவர் அந்த வரியை விட்டுவிட்டார். 2024 வெளுப்புக்குப் பிறகு 2025-ல் வடக்கில் கால் பங்கும் தெற்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் குறைந்தன. இங்கேயும் சூட்டுக்கு முதலில் போவது கிளைவிட்டு வளர்பவைதான். உருண்டையாக வளர்கிற போரைடிஸ் தாக்குப்பிடிக்கும். சதவீதம் அப்படியே இருந்து, வகை மட்டும் குறைந்துபோகிற ஆபத்தும் உண்டு. அதனால் மொத்தக் கணக்கை மட்டும் போட்டால் போதாது.

பவளம் பற்றிச் செய்தி போடும்போது எந்தத் தீவு, எந்த மாதம், எந்த வருடத்தோடு ஒப்பீடு, இறங்கிப் பார்த்தது யார் என்பதைப் போடுங்கள், இரண்டு வரிக்கு மேல் ஆகாது. கோடையில் வெளுப்பு என்று எழுதினால், அக்டோபரில் அதே இடத்துக்கு ஒருவரை அனுப்பி என்ன ஆனது என்றும் எழுதுங்கள். இந்த இரண்டாவது செய்தியை நான் எந்தப் பத்திரிகையிலும் அதிகம் பார்த்ததில்லை. அப்புறம், இரண்டு செய்திக்கும் நீலத் தண்ணீரில் ஆரஞ்சு மீன் நீந்துகிற ஒரே வெளிநாட்டுப் படத்தைப் போட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்துக் காரைச்சல்லித் தீவில் எடுத்த மங்கலான படம் கிடைத்தாலும் அதையே போடுங்கள். நிருபர் யாராவது நேரில் வருவதானால் வனத்துறையிடம் அனுமதி வாங்கிவிட்டு, காற்று அடங்கிய நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், படகுக்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
தெரஸ்புரம் வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி